டிரம்முக்குள்ளே ஒரு திருவிழா

முன்சக்கரத்தின் ஆக்சிலை உருவி, சக்கரத்தைத் தரையில் கிடத்தி, டிரம்மை மூடியிருக்கும் பிரேக் பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஆட்டி ஆட்டித் தூக்குவார்கள். அந்தக் கணம் இருக்கிறதே! அதைப் பார்ப்பதற்காகவே பழைய வண்டிப் பட்டறையில் நாள் முழுக்க நிற்கலாம். உள்ளே என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி மாதிரிப் பளபளத்துப் போன லைனர் இருக்கலாம். ஆக்சில் பக்கமிருந்து கசிந்த கிரீஸ் குளம் கட்டி நிற்கலாம். ஒரு பக்கம் ஒரு கம்பெனி ஷூ, மறுபக்கம் வேறு வண்டியிலிருந்து எடுத்து, அரத்தால் ராவி உட்கார வைத்த ஷூ என்று முப்பது வருஷத்து அவசரங்கள் அத்தனையும் ஒரே தட்டில் வந்து சேர்ந்திருக்கலாம். சென்னை புதுப்பேட்டைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், நான் எட்டிப் பார்த்தபோது இவை மூன்றுமே இருந்தன!

வண்டி ராஜ்தூத் 350. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கு மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் பரீதாபாத்தில் தயாரித்து, 1983இல் நம் சாலைகளில் இறக்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். எச்டி என்று அழைக்கப்பட்ட வகைக்கு 30.5 குதிரைத்திறன், பிறகு வந்த எல்டி வகைக்கு 27. அதே பத்தாண்டில் வந்து ஊரையே கிறுக்குப் பிடிக்க வைத்த ஆர்எக்ஸ் 100-க்கே 11 குதிரைத்திறன்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்கள், இந்த எஞ்சின் வெண்புகை கக்கிக்கொண்டு கத்தும் சத்தத்தை இன்றைக்கும் வாயால் செய்து காட்டுவார்கள். 1980களின் கடைசியில் தயாரிப்பு நின்றது. வண்டி நின்றதும் உதிரிபாகமும் மெல்ல மெல்ல வற்றியது.

அதன் பிரேக்கின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. யமஹா 1970இல் கொண்டுவந்த ஆர்5 மாடலில் முன்னால் டிரம் பிரேக். 1973இல் ஆர்டி 350 ஆனபோது அதைத் தூக்கிவிட்டு டிஸ்க் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து இந்தியாவுக்கு வரும்போது டிஸ்க் போய், மறுபடியும் ஏழு அங்குல டிரம்! விலை ஒரு காரணம். ஆக, உலகம் ஏற்கெனவே கடந்து வந்துவிட்ட ஒரு பிரேக், நம் நாட்டின் அன்றைய அதிவேக பைக்கில் வந்து உட்கார்ந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட எஞ்சினோடு! ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு ரொம்பவும் குறைவு. வேலை முழுக்க பிரேக்கின் தலையில்தான் விழும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இந்த வண்டி போகத் தெரிந்த அளவுக்கு நிற்கத் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. என் கட்சி வேறு. அந்த டிரம்மை ஒழுங்காகக் கட்டினால் அது நன்றாகவே நிற்கும். ஒழுங்காகக் கட்டுவது எப்படி என்பதுதான் இந்தப் பட்டறைகளின் உள்ரகசியம். வாருங்கள், காட்டுகிறேன்.

முதலில் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண டிரம் பிரேக்கில் ஒரு கேம்தான் இருக்கும். அது திரும்பினால் இரண்டு ஷூவும் விரிந்து, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் லைனர் டிரம்மில் உரசும். சக்கரம் சுழலும் திசையிலேயே விரிகிற ஷூ, உரசிய மாத்திரத்தில் டிரம்மாலேயே இன்னும் உள்ளே இழுக்கப்படும். கதவுக்கு அடியில் செருகிய மரக்கட்டை, கதவைத் தள்ளத் தள்ள இறுகுமே, அதே வித்தை. எதிர்ப்பக்க ஷூவுக்கு இந்த யோகம் இல்லை. டிரம் அதைத் தள்ளிவிடவே பார்க்கும். ராஜ்தூத்தின் முன்பிரேக்கில் கேம் இரண்டு! ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி. அதனால் இரண்டு ஷூவுமே இழுபடுகிற ஷூ ஆகிவிடுகிறது. இதைத்தான் ட்வின் லீடிங் ஷூ என்கிறார்கள். கேபிள் ஒரு லிவரை இழுக்க, அந்த லிவரிலிருந்து போகும் ஒரு குட்டி ராடு மற்ற லிவரை இழுக்கிறது. பிளேட்டுக்கு வெளியே தெரியும் அந்த ராடைப் பார்த்தே தூரத்திலிருந்து வண்டியை அடையாளம் சொல்லும் ஆட்கள் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த ஏற்பாடு முன்னோக்கிப் போகும்போது மட்டும்தான் சூரன். மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று, வண்டி பின்னால் உருளப் பார்க்கும்போது முன்பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஷூவும் தள்ளிவிடப்படுகிற ஷூ ஆகி, பிடி தளர்ந்துபோகும். அங்கே பின்பிரேக்தான் துணை. பழைய ஓட்டுநர்களின் காலுக்கு இது தானாகவே தெரியும்.

சரி, ஷூ தேய்ந்துவிட்டது. புதிது வாங்கலாமே? ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் நேற்று வந்த வண்டிக்கு எல்லாம் கிடைக்கும். இதற்குக் கேட்டால் கடைக்காரர் ஒரு புன்னகை செய்வார். புதுப்பேட்டையில் கதை வேறு. அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து, எஞ்சின் ஒரு பக்கம், ஃபோர்க் ஒரு பக்கம், ஹப் ஒரு பக்கம் என்று கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். "பாய், ஆர்டி முன் பிளேட் இருக்கா?" என்று கேட்டால், அவர் யோசிக்கக்கூட மாட்டார். குவியலுக்குள் கையை விட்டு, "இது ஆர்டி. இது பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா வேற," என்று இரண்டு பிளேட்டை எடுத்து வைப்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன! கேம் உட்காரும் துளையை விரலால் தடவிக் காட்டிய பிறகுதான் வித்தியாசம் புரிந்தது.

எப்போதாவது, பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ஷூ ஒரு ஜோடி வெளியே வரும். பார்த்ததும் கண் விரியும், பர்ஸ் திறக்கும். பட்டறை அண்ணன் இதைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "சார், பெட்டி புதுசு, பசை பழசு." எவ்வளவு சரியான பேச்சு! பல பத்தாண்டு ஈரத்திலும் வெயிலிலும் கிடந்த பசை விட்டுப்போயிருக்கலாம். ஓடும்போது லைனர் பெயர்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பழைய வண்டிகளில் ஒரிஜினல் மோகம் எனக்கும் நிறையவே உண்டு. டேங்கின் கோடு, மீட்டரின் முள், சீட்டின் தையல் எல்லாம் அசலாகவே இருக்கட்டும். பிரேக்கில் மட்டும் இரும்பும் அலுமினியமும் அசலாக இருந்தால் போதும். உரசுகிற பொருளும் ஒட்டுகிற பசையும் இழுக்கிற கேபிளும் இந்த வருஷத்துப் பொருளாக இருக்க வேண்டும். இதில் நான் எவரோடும் சமரசம் பேச மாட்டேன்.

அப்படியானால் வழி? லைனர் ஒட்டும் கடை! பஸ், லாரி ஷூவுக்கெல்லாம் லைனர் அடிக்கிற இடம். பிரம்மாண்டமான லாரி ஷூக்களின் நடுவே நம் வண்டியின் உள்ளங்கை அகல ஷூ நான்கு, கூச்சத்தோடு மேசை மேல் கிடந்தன. லாரி ஷூவுக்கு ரிவெட் அடிப்பார்கள். மெத்தென்ற உலோகத்தில், லைனரின் மேற்பரப்புக்குக் கீழே பதிந்து உட்காரும் ரிவெட். இந்தச் சின்ன ஷூவுக்குப் பசைதான். பழைய லைனரை முழுவதும் எடுத்து, அலுமினியத்தைச் சுரசுரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் துடைத்தார்கள். அதன்பின் யாரும் விரல் வைக்கக் கூடாது! ஒரு பையன் தெரியாமல் தொட்டுவிட்டான். மறுபடியும் முதலிலிருந்து துடைக்க வைத்தார் கடைக்காரர். ஒரு விரல்ரேகையின் எண்ணெய் பசையைக் கெடுத்துவிடுமாம்.

பசை பூசி, லைனரை வைத்து, இரும்புப் பட்டையால் சுற்றி இறுக்கி அடுப்புக்குள் வைக்கிறார்கள். நூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடு. இறுக்கம் குறைந்தாலும் கெட்டது, சூடு குறைந்தாலும் கெட்டது. சூடு எல்லை மீறினால் அலுமினியமே கோணிப்போகும். அடுப்பைத் திறந்ததும் வந்த வாசம் மூக்கைப் பொத்த வைத்தது. ஆறிய பிறகு ஒரு சுத்தியலின் கைப்பிடியால் லைனரைத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார். சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் டொப்பென்று கேட்டால் அங்கே பசை பிடிக்கவில்லை. நானும் காதை வைத்துக் கேட்டேன். நான்கும் ஒரே சுருதி!

இங்கே தூசி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் இருந்தது. அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும் என்பதற்காகவே சேர்த்தார்கள். அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், ஏர் பைப்பை வைத்து அடிப்பதும் நம் ஊரில் சர்வசாதாரணம். செய்யவே கூடாது! நான் பார்த்த பட்டறையில், ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாகப் போட்டார்கள். முகத்தில் நல்ல மாஸ்க். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

இனிமேல்தான் உச்சம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. பழைய டிரம் வட்டமாக இருக்காது. அலுமினிய ஹப்புக்குள் வார்த்த வார்ப்பிரும்பு வளையம் அது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்ந்து, சூடாகி ஆறி, முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அதைக் கடைசல் பிடித்து மறுபடி வட்டமாக்க வேண்டும். ஹப்பை மட்டும் தனியாகக் கடைந்துவிட்டு, அப்புறம் ஸ்போக் கட்டினால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு ஸ்போக்கும் ஹப்பை வெளியே இழுக்கிறது. அத்தனை ஸ்போக்கும் சேர்ந்து இழுக்கும்போது, கடைந்து வைத்த வட்டம் மறுபடியும் கோணுகிறது! அதனால் முதலில் ரிம்மைக் கட்டி, கோட்டம் எடுத்து, புதுப் பேரிங் போட்டு, முழுச் சக்கரத்தையும் அப்படியே லேத்தில் ஏற்றுகிறார்கள். பதினெட்டு அங்குல ரிம் சுழல இடம் கொடுக்கும் பெரிய லேத் வேண்டும். அது எல்லா இடத்திலும் இருக்காது. கோவை கணபதி பக்கம் போனால் இப்படிப்பட்ட லேத்துகளுக்குப் பஞ்சமே இல்லை.

டயல் கேஜின் முனையை டிரம்மின் உள்சுவரில் தொட வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார் டர்னர். முள் துள்ளியது! ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் முள் அது. பிரேக் பிடித்தால் லிவர் விரலுக்குள் எம்பி எம்பித் தட்டுகிறது என்று வண்டிக்காரர் சொன்ன புகாரின் உருவம் அந்தத் துள்ளல்தான். பிறகு மோட்டாரைப் போட்டார். ஒரு பைக்கின் சக்கரம், ஸ்போக்கும் ரிம்முமாக, லேத்தில் நிதானமாகச் சுழல்வதை நீங்கள் பார்த்ததுண்டா? ஸ்போக்குகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு வெள்ளிப் படலமாகிவிடுகின்றன. டூல் உள்ளே போய் மெல்லத் தொட்டது. முதல் சுற்றில் மேடான இடத்தில் மட்டும் உரசல். பாதி டிரம் பளபளக்கிறது, பாதி அப்படியே கறுப்பு. எஃகைக் கடைந்தால் சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு அப்படி வராது. கருஞ்சாம்பல் துகளாகப் பொலபொலவென்று கொட்டியது. கறுப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு விரல் அகலமாகி, கடைசியில் காணாமலே போனபோது நான் கைதட்டிவிட்டேன். டர்னருக்கு வெட்கம்.

எவ்வளவு வேண்டுமானாலும் கடையலாமா? கூடாது. வளையம் மெலிந்தால் சூட்டைத் தாங்கும் சக்தி போகும், விரிசலும் விடலாம். உச்ச அளவைத் தாண்டிய டிரம்மை அவர் தொடவே மாட்டாராம். "காசு வேண்டாம் சார், எடுத்துட்டுப் போயிடுங்கன்னு சொல்லிடுவேன்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் என் வண்டியைக் கொடுப்பேன்.

டிரம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது அல்லவா? அதற்காகத்தான் லைனரைத் தடிமனாக ஒட்டச் சொல்லியிருந்தார்கள். இப்போது ஷூக்களை பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு செருகி, லேசாக விரிந்த நிலையில், டிரம்மின் புது அளவுக்கே லைனரைக் கடைகிறார்கள். தகட்டை எடுத்ததும் ஷூ ஒரு மயிரிழை உள்ளே ஒடுங்கும். பிரேக் பிடிக்கும்போது மறுபடி அதே நிலைக்கு விரிந்து, லைனரின் முழு அகலமும் முழு நீளமும் டிரம்மில் பதியும். வெறும் ஷூவை வாங்கி மாட்டினால் நுனியோ நடுவோ மட்டும்தான் தொடும். லைனரில் ஒரு பகுதி மட்டும் வேலை செய்தால் வண்டி எப்படி நிற்கும்! கடைசியாக, முதலில் தொடுகிற நுனியை அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டார்கள். கிறீச்சென்ற சத்தமும் திடுக்கென்ற பிடிப்பும் வராமல் இருக்க.

ஸ்பிரிங்குகள் புதிது. கேம் தண்டுக்கு மட்டும் சூடு தாங்கும் கிரீஸ், அதுவும் தொட்டும் தொடாமலும்.

கேபிள் செய்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. ரெடிமேடாகக் கிடைப்பது நீளம் பொருந்தவில்லை. உள்கம்பியை அளவாக வெட்டி, பித்தளை நிப்பிளுக்குள் நுழைத்து, நுனியின் இழைகளைப் பூ விரிவது போலப் பிரித்து, ஈயம் காய்ச்சிய கிண்ணத்தில் முக்கினார் அண்ணன். இழைகளுக்கு நடுவே ஈயம் ஏறி இறுகிவிட்டால், பிறகு நிப்பிளை விட்டுக் கம்பி உருவிக்கொண்டு வராது. பிரிக்காமல் சும்மா ஈயம் வைத்த கேபிள்தான் அவசரமாகப் பிடிக்கும்போது கையோடு வந்துவிடும். முடிந்ததும் அதை வைஸில் கட்டி, ஓர் ஆள் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினான். அசையவில்லை!

எல்லாம் சேர்ந்து உட்கார்ந்ததும் அந்தக் குட்டி ராடின் முறை வந்தது. ராடின் நீளத்தைத் தளர்த்தி, ஒரு லிவரைத் தனியாக அழுத்தி, ஷூ தொடும் இடத்தைப் பார்த்தார். மற்றதையும் அப்படியே. இரண்டும் ஒரே நொடியில் தொடும்படி ராடைத் திருகித் திருகி வைத்தார். இது ஒரு சுற்றுப் பிசகினால், ஒரு ஷூ வேலை செய்ய, இன்னொன்று வேடிக்கை பார்க்கும். ட்வின் லீடிங் ஷூ பிரேக்குக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்த ராடைச் சரியாக வைக்காததால் வந்ததுதான் என்பது என் திடமான எண்ணம். அப்புறம் ஆக்சில் நட்டை முழுதாக இறுக்காமல் விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்கினார். ஷூக்கள் டிரம்மின் நடுவைத் தாமே தேடி உட்கார்ந்துகொள்ளும். காசில்லாத வித்தை. ஆனால் கை லிவரின் பிடி அப்படியே மாறிப்போகிறது! மெத்மெத்தென்று இருந்தது, கல்லைப் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது.

டிஸ்க் மாற்றிவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறு வண்டியின் ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் ஏற்றிய ராஜ்தூத்களை நானும் பார்த்திருக்கிறேன். நின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆர்சி புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. அதோடு, ஃபோர்க்கின் சாய்வும் உயரமும் மாறினால் வண்டியின் குணமே மாறும். இருக்கிற டிரம்மை அது செய்ய வந்த வேலையைச் செய்ய வைப்பதில்தான் எனக்கு ஆசை.

புது லைனர் முதல் நாளிலேயே முழுசாகப் பிடிக்காது. மேற்பரப்பு டிரம்மோடு பழக வேண்டும். காலி ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து நிதானமாகப் பிடித்துப் பிடித்து, நடுநடுவே ஆற விட்டு ஓட்டுகிறார்கள். பிடித்தபடியே நீளமாக இறங்கினால் சூடேறி லைனர் மேலே பளிங்காகிவிடும், பட்ட பாடு வீண். சில நூறு கிலோமீட்டர் கழித்து ராடையும் கேபிளையும் ஒரு தரம் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, சித்தப்பா வீட்டுக் கொட்டகையிலோ இப்படி ஒரு வண்டி இருந்தால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். லைனர் தேய்ந்த பழைய ஷூவைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லைனர் இன்றும் கிடைக்கிறது, பசை கிடைக்கிறது, கடைசல் பிடிக்கக் கை இருக்கிறது. அந்த அலுமினிய ஷூவின் வார்ப்பு மட்டும் இனி வரப்போவதில்லை. தேய்ந்த ஷூவைத் துடைத்து, எந்த வண்டியின் எந்தச் சக்கரத்துடையது என்று எழுதிக் கட்டி, உங்கள் ஊர்ப் பழைய வண்டி மெக்கானிக்கிடம் கொடுத்து வையுங்கள்.